திரும்பி வரும் திகதி எழுதாத கடதாசி

களனிவெளி ரயில் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1919இல், ஓப்பநாயக்க வரை வந்து அங்கேயே முடிந்தது. குறுகிய பாதை, சின்னக் கோச்சி. தோட்டத்துச் சரக்கைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போட்ட பாதைதான், ஆனால் ஆட்களும் ஏறினார்கள். 1964க்குப் பிறகு ஏறியவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை என்ன செய்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைத்தார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் பாதிக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்தார்கள். இந்த எண்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒப்பிக்கும். ஒரு லயத்துக்குள், ஒரே காம்பராவுக்குள், அந்தப் பங்கீடு எப்படி நடந்தது என்பதைத்தான் யாரும் பாடமாக எழுதவில்லை.

கலியாணம் கட்டிய மகள் ஒரு குடும்பம், அவளைப் பெற்றவர்கள் இன்னொரு குடும்பம். வயது வந்த மகன் தனி விண்ணப்பம். தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வரும், மருமகனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்கும். இடையில் பேரப்பிள்ளை. தாய் கொழுந்துக்குப் போன நேரமெல்லாம் அதை வளர்த்தவள் அம்மாயி. அவள் கப்பலேறும்போது பிள்ளை யாரோடு போவது? இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசினார்கள். பெரியவர் ஒருவர் நடுவில் இருந்து சொன்னார், கேட்டுக்கொண்டார்கள். சில வீடுகளில் மூத்தது அங்கே, இளையது இங்கே என்றும் பிரித்தார்கள். எந்த நீதிமன்றமும் பிள்ளையைக் கூப்பிட்டு நீ யாருடன் இருக்க விரும்புகிறாய் என்று கேட்கவில்லை. இரண்டு அரசாங்கங்களும் தலைகளை எண்ணின, அவ்வளவுதான்.

ஓப்பநாயக்கவிலிருந்து சின்னக் கோச்சியில் கொழும்பு, அங்கிருந்து பெரிய கோச்சியில் தலைமன்னார், பிறகு கப்பலில் இராமேஸ்வரம். அங்கே போனவர்களில் ஒரு பகுதியினரை தமிழக அரசு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தியது. இவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய அந்தத் தோட்டங்கள்தான் பின்னர் ‘டான்டீ’ ஆயின. இந்தப் பக்கம் நின்ற பிள்ளைக்குத் தாத்தாவைப் பார்க்க வேண்டுமென்றால் கடவுச்சீட்டு, விசா, கப்பல் கட்டணம் எல்லாம் வேண்டும். அரைப்பேர் காசு வாங்கும் பிள்ளையின் வீட்டில் அதற்கு வழி ஏது? கடிதம் ஒன்றுதான் போய்வந்தது. 1976இல் ஓப்பநாயக்கவுக்கு வந்த ரயிலை நிறுத்தினார்கள். 1984இல் போர் வந்து கப்பலையும் நிறுத்தியது. பார்க்கப் போகும் வழி அதோடு அடைபட்டது.

பெற்றவர் ஓரிடம் பிள்ளை ஓரிடம் என்பது அதற்கு முன்பும் இருந்ததுதான். கங்காணி காலத்தில் ஊரில் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு மண்டபம் முகாம் வழியாகக் கடல் தாண்டியவர்கள் உண்டு. இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் அவர்களும் வந்தார்கள். அது தனிக் கதை.

இங்கே நான் பேச வருவது அடுத்த புறப்பாட்டைப் பற்றி. 1977க்குப் பிறகு வளைகுடாக் கதவு திறந்தது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வந்தது. கரையோரத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள். தோட்டத்துப் பெண்கள் பலர் அந்த வரிசையில் பிந்தியே சேர்ந்தார்கள். ஆசை இல்லாமல் அல்ல. குடியுரிமை இல்லாதவளுக்குக் கடவுச்சீட்டு யார் கொடுப்பார்? 1948இல் பறித்ததை 1988ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலானோருக்குத் திருப்பிக் கொடுத்தது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியுரிமை கைக்கு வந்ததும் அதைக் கொண்டு செய்த முதல் காரியங்களில் ஒன்று நாட்டைவிட்டுப் போனது என்பதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அது.

தாய் போனால் பிள்ளை அம்மாயியிடம். இதில் விவாதமே இருந்ததில்லை. தோட்டத்தில் தாய் வீட்டில் இல்லாமல் பிள்ளை வளர்வது புதிதல்லவே. விடிகாலையில் பிரட்டுக்குப் போகும் தாய் கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் கொடுத்துவிட்டுப் போவாள். கொழுந்து நிறுத்த வரும்போது ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்கு ஏறுவாள். அங்கே பிள்ளை பார்த்தவள் பெரும்பாலும் மலையேற முடியாமல் போன வயதான பெண். இன்று அதே கட்டிடத்துக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர், எடை பார்க்கும் தராசு, சுவரில் படங்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபின், மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற ‘ட்ரஸ்ட்’ இந்த நிலையங்களைப் பொறுப்பெடுத்தது. குறை சொல்பவர்கள் சொல்லட்டும், இது நல்ல மாற்றம். ஆனால் அது பகல் நேரத்துக்கான ஏற்பாடு. மாலையில் கூட்டிப்போக ஆள் வரும் என்ற நம்பிக்கையில் கட்டியது. கூட்டிப்போக வேண்டியவள் ரியாத்தில் இருந்தால் பிள்ளையை அழைத்துப்போக அம்மாயிதான் வருகிறாள்.

ஓப்பநாயக்கவைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களுக்கும் இதே காலத்தில் ஒரு புறப்பாடு இருந்தது. 1980களிலிருந்து வீட்டுக்கு வீடு இளைஞர்கள் இராணுவத்துக்குப் போனார்கள். தோட்டத்துப் பையன்கள் அங்கே போனது அபூர்வம். மொழி ஒரு காரணம், மற்றக் காரணங்களை வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபின் வவுனியாப் பக்கம் ஓடிய குடும்பங்கள் பின்னர் போரின் மறுபக்கத்தில் அகப்பட்டுக்கொண்டன என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஒரே பாதையில் இரண்டு பேர் பஸ் ஏறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் யாழ்ப்பாணத்தில் முகாமிலுள்ள சிப்பாய், மற்றவள் குவைத்துக்குப் போகும் வீட்டுப் பணிப்பெண். இரண்டு பேருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளை. அவனுக்கு லீவு உண்டு, பிள்ளை அவன் முகத்தை இடையிடையே பார்க்கும். சம்பளம் மாதாமாதம் மனைவி கைக்கு வரும். அவன் செத்தால் ஓய்வூதியம் உண்டு. குடும்ப நலனுக்கென்று 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபை சட்டம் போட்டே அமைக்கப்பட்டது. அவளுக்கோ இரண்டு வருட ஒப்பந்தம். நடுவில் லீவு இல்லை. அனுப்பும் பணம் புருஷன் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், அது பிள்ளையின் வயிற்றுக்குப் போனதா என்று கேட்க முடியாது. முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. அவன் போகும்போது பிள்ளையை யார் பார்ப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளைக் கேட்டார்கள். அதுவும் படிவம் அச்சடித்துக் கேட்டார்கள்.

2007இலேயே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மாரைத் தடுக்கலாமா என்று அமைச்சரவை யோசித்தது. எதிர்ப்பு வந்தது, கைவிட்டார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதி அரேபியாவில், வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன மூதூர்ப் பெண் ரிஸானா நபீக்கின் தலை வெட்டப்பட்டது. வயதை ஏற்றிப் போட்ட கடவுச்சீட்டில் அனுப்பப்பட்ட சிறுமி அவள். நாடு கொதித்தது. அதே ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் போக முடியாது. அதற்கு மேற்பட்ட பிள்ளை என்றால் யார் பொறுப்பில் விடுகிறாய் என்று காட்ட வேண்டும். புருஷனின் சம்மதம், பொறுப்பெடுப்பவரின் விவரம், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று பல மேசைகளில் கையெழுத்து. போலி வயதில் அனுப்பிய ஏஜென்சிக்காரன் செய்த குற்றத்துக்கு நாட்டிலுள்ள தாய்மாரெல்லாம் விண்ணப்பம் எழுதினார்கள். கலியாணம் ஆகாத ஒரு சிறுமிக்கு நேர்ந்ததைப் பிள்ளை பெற்றவளின் பொறுப்புக்குறைவாக மாற்றிய அந்தச் சாமர்த்தியம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. பிள்ளையுள்ள ஆண் கட்டாருக்குக் கட்டிட வேலைக்குப் போனபோது அவனிடம் இந்தக் கடதாசியை யாரும் கேட்கவில்லை.

நடந்தது என்ன? புறப்பாடு நிற்கவில்லை, வழி மாறியது. சப் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தான். பிள்ளையை மறைத்தார்கள், விசிட் விசாவில் போனார்கள். அப்படிப் போனவள் பணியகத்தின் புத்தகத்தில் இல்லை. அடித்தால் முறையிட ஆளில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் தேவைப்பட்டதும் அரசாங்கம் பிடியைத் தளர்த்தியது. பிள்ளையின் வயது எல்லை ஐந்திலிருந்து இரண்டாக இறங்கியது. பிள்ளைக்கு எது நல்லது என்று ஒன்பது ஆண்டுகள் சொல்லிவந்தது ஒரு மாதத்தில் மாறிவிட்டது. அதே ஆண்டு கடைசியில் ஓமானில் விசிட் விசாவில் போய்ச் சிக்கிய பெண்களின் செய்தி பத்திரிகைகளில் வந்தது.

இதுவரை சொன்னது போவதைப் பற்றி. திரும்பி வருவதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

மூன்று வயதில் விட்டுப்போன பிள்ளை. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து, காசு போதாமல் இன்னொரு இரண்டு, பிறகு இன்னொன்று. வரும்போது பிள்ளைக்கு ஒன்பது வயது. அம்மாயியை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறது, பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. தோட்டத்துக்குப் பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லாததால் சிங்களப் பாடசாலையில் படிக்கிறது, வீட்டுக்கு வந்தும் பாதி சிங்களம். இதற்கிடையில் புருஷன் வேறு ஒருத்தியோடு இருக்கலாம். அவன் பிள்ளையைத் தன் தாயிடம், அப்பாயியிடம், கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். “வுட்டுட்டுப் போனவளுக்கு இப்ப என்னாடி உரிமை?” என்று அப்பாயி கேட்கும்போது பெற்றவளிடம் பதிலாகக் காட்ட ஒரு கடதாசி இல்லை. 2013க்குப் பின் போனவர்கள் பல மேசைகளில் கையெழுத்து வாங்கினார்களே, அந்தப் படிவம் உதவாதா? உதவாது. அந்தப் படிவத்தின் வேலை இவள் போகலாமா கூடாதா என்று பணியகத்துக்குச் சொல்வது. அதில் ஒருவரைப் பொறுப்பாளராகக் காட்டியதால் அவருக்குக் கட்டுக்காப்பு உரிமை வந்துவிடாது. காட்டியவளுக்கு அது திரும்பி வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

அப்படியானால் வழக்குப் போட வேண்டும். மலையகத் தமிழருக்கென்று தேசவழமை போலத் தனிச்சட்டம் கிடையாது. கண்டியச் சட்டமும் பொருந்தாது. ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்த பொதுச் சட்டம்தான். அதன்படி பழைய காலத்தில் தகப்பனுக்கே முதல் உரிமை. நீதிமன்றங்கள் அதைப் படிப்படியாக நகர்த்தி, இன்று பிள்ளையின் நலனே முதல் என்ற இடத்துக்கு வந்திருக்கின்றன. இலங்கை 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றதும் இதற்கு வலுச் சேர்த்தது. தாபரிப்பிலும் இதே நகர்வு. 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தகப்பனை மட்டும் பார்த்தது. 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டம் வசதியுள்ள பெற்றவர் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளையை வைத்திருப்பவர் யாரானாலும் நீதவான் நீதிமன்றத்தில் அதைக் கேட்கலாம். ஓப்பநாயக்க அம்மாயி ஒருத்தி, பிள்ளையைத் தன்னிடம் விட்டுவிட்டுக் காசு தராத மருமகனுக்கு எதிராக வழக்காடலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

சட்டத்தில் குற்றமில்லை, தூரம்தான். கட்டுக்காப்பு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். பலாங்கொடைக்கோ இரத்தினபுரிக்கோ பஸ் ஏற வேண்டும், அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போகும். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுமொழி சிங்களம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமையைத் தருகிறது, கேட்டால் தவணை போகும். சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருக்கிறது. ஆனால் தாய் வெளிநாட்டில் இருக்கும்போது தகப்பன் தொடுத்த வழக்கு நடந்தால்? பதில் சொல்ல ஆள் வராத வழக்கு வந்தவர் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை. ஒரு தவணைக்கு வர விமான டிக்கெட் போட அவளுடைய முதலாளி சம்மதிப்பாரா?

இந்த இடத்தில் அமெரிக்கச் சிப்பாய்களின் அனுபவம் நமக்குப் பயன்படும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கு விவாகரத்தான தாய்மாரும் தகப்பன்மாரும் அனுப்பப்பட்டார்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் சிப்பாய் யாராக இருந்தாலும், போகுமுன் குடும்பப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது படையின் விதி. நமது குடும்பப் பின்னணி அறிக்கையின் ஒன்றுவிட்ட சகோதரன் அது, தகப்பனையும் விடாமல் கேட்கிறது என்பது தவிர. ஆனால் அந்தக் கடதாசியும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தவில்லை. திரும்பி வந்த சிப்பாய்கள் சிலர் பிள்ளையின் பொறுப்பு கைமாறிப்போயிருந்ததைக் கண்டார்கள். இதைச் சரிசெய்ய, மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டங்கள் எழுதித் தரும் ஆணைக்குழு 2012இல் ஒரு வரைவைத் தந்தது. பின்னர் பல மாநிலங்கள் அதை ஏற்றன.

அதன் சாரம் எளிது. 90 நாளுக்கு மேல், 18 மாதத்துக்குள் படைப்பணிக்காக அனுப்பப்படும் பெற்றவர், மற்றப் பெற்றவரோடு எழுத்தில் ஒரு தற்காலிக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அவர் போயிருக்கும் காலத்தில், அவர் சம்மதமில்லாமல் நிரந்தரக் கட்டுக்காப்பு உத்தரவு போடக்கூடாது. படைப்பணிக்குப் போனது என்பதை மட்டும் வைத்து அவரைக் குறைவான பெற்றவராக எடைபோடக்கூடாது. பிள்ளையோடு நெருக்கமான பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ அந்தக் காலத்துக்கு மட்டும் பொறுப்பைக் கொடுக்கலாம். லீவில் வந்தால் பார்க்கவும் தொலைவிலிருந்தால் பேசவும் வழி எழுத வேண்டும். திரும்பிவிட்டேன் என்று அறிவித்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது, 60 நாளில் அந்தத் தற்காலிக ஏற்பாடு தானாக முடியும்.

குவைத்துக்குப் போகிறவள் துப்பாக்கி தூக்கவில்லைதான். ஆனால் அவள் அனுப்பும் டொலருக்காக அவளையும் நாட்டின் வீராங்கனை என்று மேடையில் சொல்கிறார்கள். அப்படியானால் சிப்பாய்க்குக் கொடுக்கும் இந்தச் சின்னப் பாதுகாப்பை அவளுக்கும் கொடுப்பதில் என்ன தடை? பணியகத்தின் படிவத்தோடு இன்னும் ஒரு பக்கம் சேர்த்தால் போதும். யார் வைத்திருப்பார், காசு எந்தக் கணக்குக்கு, வாரத்தில் எந்த நாள் பிள்ளை தாயோடு பேசும், ஒப்பந்தம் முடிந்து வந்தால் எத்தனை நாளில் பிள்ளையைக் கையளிப்பது. அந்தப் பக்கத்தை மாவட்ட நீதிமன்றம் தற்காலிக உத்தரவாகப் பதிந்துகொள்ளட்டும். சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி எழுதும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு நீதிமன்ற வலு இல்லை என்பதுதான் குறை. அதே பக்கத்தை ஆணுக்கும் நீட்ட வேண்டும். பாலைவனத்தில் லொறி ஓட்டப் போகும் தகப்பனுக்கும், உக்ரைன் போர்முனைக்கு ரஷ்யப் படையின் பெயரில் ஏமாற்றிக் கூட்டிப்போகப்பட்ட முன்னாள் சிப்பாய்களைப் போன்றவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

பேசும் விஷயத்தில் மட்டும் இன்று அன்றைவிட எவ்வளவோ மேல். கடிதம் போய் மாதங்கள் காத்திருந்த காலம் எங்கே, வட்ஸ்அப்பில் முகம் பார்க்கும் காலம் எங்கே. இரவு பிள்ளை பாடம் எழுதுவதை அங்கிருந்து பார்த்து “எழுத்த ஒழுங்கா எழுது சாமி” என்று ஒருத்தி சொல்ல முடிகிறது. ஆனால் அதுவும் மற்றவர் தயவு. போனை எடுக்காமல் விட்டால் போதும். முதலாளியம்மா போனைப் பறித்து வைத்துக்கொண்டாலும் அதே கதிதான். இரண்டு பக்கமும் யாரோ ஒருவர் நல்ல மனதோடு இருந்தால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சு.

எழுதிவந்ததில் அம்மாயியை மறந்துவிடக்கூடாது. தாய் வந்து, சட்டப்படியோ பேசியோ பிள்ளையை வாங்கிக்கொண்டு, கொழும்பில் கார்மென்ட் வேலை தேடியோ புருஷன் ஊருக்கோ போய்விடுகிறாள் என்று வையுங்கள். ஆறு வருஷம் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவள், குளிப்பாட்டியவள், கிளினிக் அட்டையைப் பத்திரமாக வைத்தவள் லயத்தில் தனியே நிற்கிறாள். பிள்ளையைப் போய்ப் பார்க்க அவளுக்கு உரிமை உண்டா என்று கேட்டால், நமது பொதுச் சட்டம் பெற்றவரின் உரிமையைத்தான் பேசுகிறது. அமெரிக்க வரைவிலும் பாட்டியின் பொறுப்பு சிப்பாய் திரும்பியதோடு முடிந்துவிடுகிறது. நான் மேலே கேட்ட அந்த ஒரு பக்கத்தில் அவளுக்கும் ஒரு வரி வேண்டும். பள்ளி லீவுக்குப் பிள்ளை அம்மாயியிடம் வரும், பஸ் காசு தாயின் பொறுப்பு என்று.